கணிப்பொறிக்கு நினைவு தந்த டாம் கில்பர்ன்



நம் ஆண்டு மலரின் இப்பக்கங்களில் புனிதர்களையும், தமிழ்ச் சான்றோரையும், அறிவியல் மேதைகளையும் ஆண்டுதோறும் சந்தித்து வருகிறோம். இவ்வாண்டு நாம் சந்திக்கவிருப்பவர் ஓர் ஆங்கிலேயப் பொறியியல் அறிஞர். அவரைத் தேடிப் போகும்படி நம்மைத் தூண்டியது, நம் பள்ளிக் கணிப்பொறி அறையில் நேர்ந்த ஒரு சிறு குழப்பமேயாகும். முதலில் அதைச் சொல்லிவிடுவோம்.

நம் அறையில் பன்னிரண்டு கணிப்பொறிகள் இருக்கின்றன. அவை மெதுவாக இயங்குகின்றன என்று மாணவியர் பல நாளாகக் குறைப்பட்டு வந்தனர். பழுது பார்க்க வந்த ஒருவர் திரையில் சில எண்களை வரவழைத்துக் காட்டினார். மொத்த நினைவகம் 7.7 ஜிகாபைட்; அதில் காலியாக இருப்பது 0.3 மட்டுமே. நினைவகம் நிரம்பி வழிகிறது, பன்னிரண்டுக்கும் புதிய நினைவகம் வாங்க வேண்டும் என்று சொல்லிப் போனார்.

செய்தி பெற்றோர் கூட்டத்துக்குச் சென்றது. அரியலூர்ச் சிமெண்டு ஆலைகளில் வேலை செய்வோரும், பெரம்பலூர்ப் பக்கத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் பயிரிடுவோரும் நம் பெற்றோர். மழை தவறினாலும் துன்பம், மிகுந்தாலும் துன்பம் என்று வாழ்பவர்கள் அவர்களுள் பலர். அப்படியிருந்தும், பருத்தி எடுக்கக் கூலிக்குப் போகும் ஒரு தாய்தான் முதலில் எழுந்து, தம் பங்கைத் தருவதாகச் சொன்னார். அந்தச் சொல் நம்மை உறுத்தியது. வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தை வாங்குமுன், அந்த எண்கள் உண்மையில் எதைச் சொல்கின்றன என்று அறிய வேண்டாமா? அறியப் புகுந்தபோதுதான் டாம் கில்பர்ன் என்னும் பெயரைக் கண்டோம்.

நினைவைப் பற்றிய கேள்வி நம் மண்ணுக்குப் புதிதன்று. நம் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவரை அறியாதார் இங்கு யார்? அவருக்கு முன் தமிழ்ச் சொற்களுக்குப் பொருள் கூறிய நிகண்டுகள் செய்யுளாக இருந்தன. அவற்றை மனப்பாடம் செய்தவரே பயன் கொள்ள முடியும். முனிவர் 1732-இல் இயற்றிய சதுரகராதி சொற்களை அகர வரிசையில் அடுக்கி வைத்தது. மனத்தில் சுமக்க வேண்டிய சுமையை ஏட்டுக்கு மாற்றி, வேண்டும்போது வேண்டியதை மட்டும் எடுத்துக் கொள்ள வழி செய்தார் அவர். மனம் விரைவானது, ஆனால் சிறியது. ஏடு பெரியது, ஆனால் புரட்ட நேரமாகும். இவ்விரண்டையும் எப்படி இணைப்பது? இதே வினாவுக்குத்தான் கணிப்பொறி உலகில் விடை கண்டார் கில்பர்ன்.

இளமையும் கல்வியும்

இங்கிலாந்தின் யார்க்ஷயர்ப் பகுதியில், கம்பளி நெசவுக்குப் பெயர் பெற்ற டியூஸ்பரி என்னும் ஊரில் 1921-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் டாம் கில்பர்ன் பிறந்தார். பள்ளியிலேயே கணிதத்தில் நாட்டம் மிகுந்தது. 1940-இல் கேம்பிரிட்ஜில் உள்ள சிட்னி சசெக்ஸ் கல்லூரியில் கணிதம் பயிலச் சேர்ந்தார். அது இரண்டாம் உலகப் போர்க்காலம். படிப்புகள் சுருக்கப்பட்டன. 1942-இல் முதல் வகுப்பில் தேறிய அவர், மின்னணுவியலில் ஒரு குறுகிய பயிற்சி பெற்று, மால்வர்ன் நகரில் இருந்த ரேடார் ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பப்பட்டார். கணிதம் படித்த இளைஞர் கையில் மின்கம்பிகளும் வால்வுகளும் வந்து சேர்ந்தன. அங்கு அவருக்குத் தலைவராக வாய்த்தவர் ஃபிரெடரிக் வில்லியம்ஸ் என்னும் பெரும் பொறியாளர். 1943-இல் ஐரீன் என்னும் நங்கையைக் கில்பர்ன் மணந்தார். இவர்களுக்கு மகன் ஒருவரும் மகள் ஒருவரும் பிறந்தனர்.

கில்பர்ன் அதிகம் பேசாதவர். வீண் ஆரவாரம் அறியாதவர். கால்பந்தாட்டத்தில் மட்டும் பெரும் பிரியம். மான்செஸ்டர் யுனைடெட் அணியின் அன்பர்.

மறக்கும் கண்ணாடிக்கு நினைவூட்டியவர்

போர் முடிந்தது. கணக்கிடும் மின்னணு இயந்திரங்களைக் கட்டும் முயற்சி அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தொடங்கியது. வேகமாகக் கணக்கிட அவற்றால் முடிந்தது. ஆனால் கணக்கையும், கணக்குச் செய்யும் கட்டளைகளையும் எங்கே வைத்துக் கொள்வது? நினைவகம் இல்லாத இயந்திரம், கரும்பலகை இல்லாத வகுப்பறை போன்றதே.

1946-ஆம் ஆண்டின் இறுதியில் வில்லியம்ஸ் மான்செஸ்டர் பல்கலைக் கழகத்துப் பேராசிரியரானார். கில்பர்னும் உடன் சென்றார். ரேடார்த் திரையாகவும் பழைய தொலைக்காட்சித் திரையாகவும் பயன்பட்ட கண்ணாடிக் குழாயையே அவர்கள் நினைவகமாக்கினர். திரையின் மீது மின்னேற்றம் பெற்ற சிறு புள்ளிகளை இட்டு, ஒரு வகைப் புள்ளி 0, மற்றொரு வகைப் புள்ளி 1 என்று கொண்டனர். ஓர் இடர்ப்பாடு உண்டு. புள்ளியின் மின்னேற்றம் ஒரு நொடிக்குள் கசிந்து மறைந்துவிடும். ஆகவே மறையுமுன் ஒவ்வொரு புள்ளியையும் படித்து, மீண்டும் அவ்விடத்திலேயே எழுதி, இடையறாது புதுப்பித்துக் கொண்டே இருக்கும்படி செய்தனர். ஜெபமாலையின் மணிகளை மீண்டும் மீண்டும் உருட்டி மறைபொருள்களை மனத்தில் நிறுத்துகிறோம் அல்லவா? அதுபோலத்தான். இன்று உங்கள் கணிப்பொறியில் உள்ள நினைவகச் சில்லும் தன் உள்ளடக்கத்தை ஒரு நொடிக்குள் பன்முறை இவ்வாறே புதுப்பித்துக் கொள்கிறது. மின்சாரம் நின்றால் அதிலுள்ளவை மறைவதும் இதனால்தான்.

இந்நினைவகம் சரியாக இயங்குகிறதா என்று சோதிக்க ஒரு சிறு கணிப்பொறியைக் கட்டினர். ஜெஃப் டூட்டில் என்னும் பொறியாளர் கில்பர்னுக்குத் துணையாக நின்றார். குழந்தை என்று செல்லமாக அழைக்கப்பட்ட அந்த இயந்திரம் 1948-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள், தன் நினைவகத்தில் வைத்த நிரல் ஒன்றை முதன்முறையாக இயக்கிக் காட்டியது. கட்டளையையும் கணக்கையும் ஒரே மின்னணு நினைவகத்தில் வைத்து இயங்கிய முதல் கணிப்பொறி அதுவே. நிரலை எழுதியவர் கில்பர்ன். 17 கட்டளைகள் கொண்ட அது, 262144 என்னும் எண்ணை மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய சிறு எண்ணைத் தேடியது. 52 நிமிடங்கள் உழைத்து, 131072 என்னும் சரியான விடையைத் தந்தது.

அதன் நினைவகம் எவ்வளவு தெரியுமா? 32 வரிசைகள், வரிசைக்கு 32 புள்ளிகள். ஆக 1024 பிட்டுகள், அதாவது 128 பைட்டுகள். இன்று 8 ஜிகாபைட் போதவில்லை என்கிறோம். அது அந்தக் குழந்தையின் நினைவகத்தைப் போல் 6 கோடியே 70 லட்சம் மடங்குக்கும் மேல்!

மேடையும் சரக்கறையும்

குழந்தை வளர்ந்தது. பெரிய கணக்குகள் வந்தன. விரைவான நினைவகத்துக்கு விலை மிகுதி. ஆகவே அது சிறியதாகவே இருந்தது. மலிவான பெரிய சேமிப்புக்குச் சுழலும் காந்த உருளையைச் சேர்த்தனர். அதன் வேகமோ ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. எந்தப் பகுதியை எப்போது உருளையிலிருந்து நினைவகத்துக்குக் கொண்டு வருவது, எதை எப்போது திருப்பி அனுப்புவது என்பதை நிரல் எழுதுவோரே ஒவ்வொரு முறையும் திட்டமிட வேண்டியிருந்தது. பெரும் தலைவலி அது.

நம் விடுதிச் சமையற்கூடத்தை நினைத்துக் கொள்ளுங்கள். அடுப்பங்கரை மேடை சிறியது, கைக்கு எட்டுவது. பின்னால் உள்ள சரக்கறை பெரியது. ஆனால் நடந்து போய் வர வேண்டும். மேடைதான் நினைவகம், சரக்கறைதான் உருளை, இன்றைய வட்டு. எந்த டப்பாவை எப்போது எடுத்து வருவது என்று சமையற்காரரே கணக்கிட்டுக் கொண்டிருந்தால் சமையல் எப்படி நடக்கும்? நல்ல உதவியாள் ஒருவர் இருந்து, கேட்டவுடன் எடுத்துத் தந்து, நெடுநேரம் தேவைப்படாததைத் திருப்பி வைத்தால் எவ்வளவு நன்மை!

கில்பர்னும் அவருடைய குழுவினரும் அந்த உதவியாளை இயந்திரத்துக்குள்ளேயே அமைத்தனர். ஃபெரான்டி நிறுவனத்தோடு சேர்ந்து அவர்கள் உருவாக்கிய அட்லஸ் கணிப்பொறி 1962-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பெற்றது. அக்காலத்தில் உலகின் ஆற்றல் மிக்க கணிப்பொறிகளுள் அது ஒன்று. அதன் விரைவு நினைவகம் 16384 சொற்களைக் கொண்டது. உருளைகளோ 98304 சொற்களைக் கொண்டவை. இங்கே சொல் என்பது 48 பிட்டுகள் சேர்ந்த ஒரு தொகுதி. நம் நாட்டில் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1960-இல் இயக்கிய டிஃப்ராக் கணிப்பொறிக்கு, 40 பிட்டுகள் கொண்ட 2048 சொற்களே நினைவகம் என்பதையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

அட்லஸின் நினைவகத்தை 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரித்தனர். நிரலுக்கோ, பத்து லட்சம் சொற்களுக்கு மேல் முகவரி உள்ள ஒரே பெரிய நினைவகம் தனக்கு இருப்பதாகத் தோன்றும். தேவையான பக்கம் நினைவகத்தில் இல்லையென்றால் இயந்திரமே அதை உருளையிலிருந்து கொண்டு வரும். எந்தப் பக்கம் இனி நெடுநேரம் வேண்டியிராது என்பதையும், முன்பு அது பயன்பட்ட விதத்தைப் பார்த்துத் தானே கணித்து, அதை வெளியே அனுப்பும். மெய்நிகர் நினைவகம் என்று இன்று நாம் சொல்வது இதுவே. விண்டோஸ், லினக்ஸ் முதலிய இன்றைய இயக்க அமைப்புகள் அனைத்தும் இவ்வழியில் வந்தவை.

திரையில் தெரியும் எண்கள்

இப்போது நம் குழப்பத்துக்கு வருவோம். அட்லஸின் விரைவு நினைவகத்தில் இடம் பெறக்கூடிய பக்கங்கள் 32. அவற்றுள் ஒன்றை மட்டும், வரும் பக்கத்தை உடனே ஏற்பதற்காக, எப்போதும் காலியாக வைக்கும்படி கில்பர்ன் குழுவினர் அமைத்தனர். மற்ற 31-உம் நிரம்பியே இருக்கலாம். இன்றைய திரையில் அதைக் காட்டினால் நினைவகம் 97 விழுக்காடு நிரம்பியது என்று வரும். அது நோயின் அறிகுறி அன்று. நன்றாக வேலை செய்வதன் அறிகுறி. விலை கொடுத்து வாங்கிய மேடையை வெறுமையாகத் துடைத்து வைப்பதற்கா வாங்கினோம்?

நம் லினக்ஸ் கணிப்பொறி காட்டிய எண்களை முழுமையாகப் பார்த்தோம். மொத்தம் 7.7, பயன்பாட்டில் 2.4, காலி 0.3, தற்காலிகச் சேமிப்பு 5.0, கிடைக்கக்கூடியது 4.9. பழுது பார்க்க வந்தவர் பார்த்தது காலி என்னும் ஓர் எண்ணை மட்டுமே.

தற்காலிகச் சேமிப்பு என்பது என்ன? காலையில் சரக்கறையிலிருந்து எடுத்த புளி, மிளகாய்த்தூள் டப்பாக்களை, மதியமும் வேண்டுமே என்று மேடையிலேயே விட்டு வைக்கிறார் உதவியாள். அதுபோல, வட்டிலிருந்து ஒருமுறை படித்த கோப்புகளை மறுமுறை உதவும் என்று இயக்க அமைப்பு நினைவகத்திலேயே வைத்துக் கொள்கிறது. பெரிய அண்டா வைக்க இடம் வேண்டுமென்றால் டப்பாக்கள் நொடியில் நகரும். எனவே பார்க்க வேண்டியது காலி என்னும் எண்ணை அன்று. கிடைக்கக்கூடியது என்னும் எண்ணையே. அது 4.9 இருக்கையில் கவலைக்கு இடமில்லை.

வேறு சில எண்களும் நம்மை மயக்கும். ஒவ்வொரு நிரலும் எடுத்துக் கொண்ட நினைவகத்தைக் கூட்டிப் பார்த்தால் சில வேளை மொத்தத்தையே மிஞ்சிவிடும். இரண்டு சமையற்காரர்கள் ஒரே அரிவாள்மனையைப் பயன்படுத்தி, இருவரும் தத்தம் பட்டியலில் அதை எழுதினால் கணக்கில் இரண்டு அரிவாள்மனை வரும் அல்லவா? பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் பக்கங்களும் அவ்வாறே பலமுறை எண்ணப்படுகின்றன. நிரல் ஒன்றின் மெய்நிகர் அளவு என்று காட்டப்படும் பேரெண், அட்லஸின் பத்து லட்சம் முகவரிகளைப் போன்றது. அவ்வளவு இடமும் உண்மையில் பிடிக்கப்பட்டதாகப் பொருள் இல்லை. விண்டோஸ் காட்டும் ஒப்புக்கொண்ட அளவு என்பது, நிரல்களுக்குத் தருவதாக வாக்களித்த இடம். அதற்கு நினைவகத்தோடு வட்டில் ஒதுக்கிய இடமும் சேர்ந்து பிணை நிற்கும். ஆதலால் அது நினைவகத்தின் மொத்த அளவைத் தாண்டினும் தவறில்லை.

அப்படியானால் எப்போதுதான் கவலைப்படுவது? கிடைக்கக்கூடிய அளவு நீண்ட நேரம் மிகக் குறைவாகவே இருந்து, பக்கங்கள் வட்டுக்கும் நினைவகத்துக்கும் ஓயாமல் அலைந்து, இயந்திரம் தவழும்போதுதான். மேடை போதாமல் சமையற்காரர் சரக்கறைக்கும் அடுப்புக்கும் நடந்தே களைத்துப்போகும் நிலை அது. ஒரு நிரல் தன் வேலையைச் செய்ய அவ்வப்போது உண்மையில் எத்தனை பக்கங்கள் வேண்டும் என்பதை அளந்தறியும் முறையை, 1968-இல் அமெரிக்க அறிஞர் பீட்டர் டென்னிங் வகுத்துத் தந்தார்.

இவ்வறிவோடு பன்னிரண்டு கணிப்பொறிகளையும் ஒரு வாரம் கவனித்தோம். பத்தில் குறையொன்றும் நினைவகத்தில் இல்லை. வட்டுகள் பழையவை, தேவையற்ற நிரல்களும் தாமே தொடங்கி ஓடிக்கொண்டிருந்தன. இரண்டில் மட்டும் உண்மையாகவே இடம் போதவில்லை. அவ்விரண்டுக்கு மட்டும் நினைவகம் வாங்கினோம். அதற்குப் பள்ளி நிதியே போதுமானதாயிற்று. பெற்றோரிடம் பணம் கேட்கவில்லை.

நிறைவாழ்வு

கில்பர்ன் 1964-இல் மான்செஸ்டரில் கணிப்பொறி அறிவியல் துறையை நிறுவினார். பிரிட்டனில் அத்தகைய துறை அதுவே முதலாவது. 1965-இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1978-இல் அக்கழகத்தின் இராயல் பதக்கம் பெற்றார். 1981-ஆம் ஆண்டு அவருக்குத் துயர ஆண்டு. அவ்வாண்டில் அன்பு மனைவி ஐரீன் இறந்தார். அவ்வாண்டிலேயே அவரும் பணி ஓய்வு பெற்றார். 1998-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள், குழந்தைக் கணிப்பொறியின் பொன்விழாவில், பழைய முறைப்படியே புதிதாகக் கட்டிய அதன் மறுபடிவம் இயக்கப்பட்டதைக் கண்ணாரக் கண்டார். 2001-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள், 79-ஆம் வயதில், மான்செஸ்டரில் மறைந்தார். அவர் பணியாற்றிய பல்கலைக் கழகத்தில் கில்பர்ன் கட்டடம் அவர் பெயரைச் சொல்லி நிற்கிறது.

மாணவியரே! தாலந்தைப் பூமியில் புதைத்து வைத்த ஊழியனின் உவமையை நீங்கள் அறிவீர்கள். அவன் அதைத் தொலைக்கவில்லை. ஆனால் பயன்படுத்தவும் இல்லை. ஆண்டவர் அளித்ததைச் சும்மா வைத்திருப்பது சிக்கனம் ஆகாது. நிறைந்த நினைவகத்தைக் கண்டு அஞ்சுவதும் அவ்வூழியனின் அச்சத்தைப் போன்றதே.

மற்றொன்றும் கற்றுக் கொண்டோம். ஓர் எண்ணைக் கண்டவுடன் தீர்ப்புச் சொல்லலாகாது. அது எந்தக் கேள்விக்கு விடை என்று முதலில் கேட்க வேண்டும். தேர்வில் ஒரு மாணவி பெற்ற மதிப்பெண்ணைப் பார்த்து அவள் மனத்தில் இடமில்லை என்று சொல்லுமுன், ஆசிரியராகிய நாமும் பெற்றோராகிய நீங்களும் இதை நினைவில் கொள்வோமாக. அவள் மேடையில் எவ்வளவு வெறுமை இருக்கிறது என்பதன்று கேள்வி. வேண்டும்போது அவள் எவ்வளவுக்கு இடம் தர வல்லவள் என்பதே கேள்வி.

கூட்டத்தில் முதலில் எழுந்து நின்ற அந்தத் தாயின் மகள்தான் இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பன்னிரண்டு கணிப்பொறிகளின் எண்களையும் குறிப்பேட்டில் எழுதி வருகிறாள். காலி என்னும் கட்டத்துக்குப் பக்கத்தில் கிடைக்கக்கூடியது என்றொரு கட்டத்தைத் தானே கோடிட்டுச் சேர்த்திருக்கிறாள்.